குளிர்ப் பாலையில் இரண்டாவது ஆள்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெருவில் காஷ்மீர வணிகர்கள் நடத்தும் கடைகளில் பஷ்மினா சால்வைகள் மடித்து அடுக்கப்பட்டிருக்கும். ஜனவரி இரவிலும் வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில் அந்தச் சால்வைகள் வெறும் அழகுப் பொருள்தான். ஆனால் அவை பிறந்த இடத்தில் குளிருக்கு வேறு பொருள். லடாக்கின் கிழக்கே சாங்தாங் மேட்டுநிலத்தில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளுக்கு, பனிக்காலத்தைத் தாங்குவதற்காக மேல்மயிருக்கு அடியில் முளைக்கும் மெல்லிய உள்மயிர் அது. குளிர் குறைந்தால் அந்த மயிரும் குறையும். அந்தக் குளிரையே நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இப்போது கடற்கரை ஊர்களில் வளர்ந்திருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் கோடையில் பைக்கில் லடாக் போய்வருவது பழைய செய்தி. அவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை, பனிக்காலத்தில், முதுகில் பை மட்டும் தூக்கிக்கொண்டு, துணை யாருமின்றி அந்த மலைகளில் நடப்பது. கொச்சியின் கலூரிலிருந்து மாலையில் கிளம்பி, நெடும்பாசேரியில் விமானம் ஏறி, தில்லியில் மாறினால் மறுநாள் காலை லே நகரில் இறங்கிவிடலாம். இவ்வளவு எளிதாக அந்த இடத்தை எட்டிவிட முடிவதுதான் முதல் சிக்கல். பனிக்காலப் பாலை மலையில் ஒரு மனிதனிடமிருந்து முதலில் பறிபோவது உடல் வலு அல்ல, தன் நிலையைத் தானே எடைபோடும் அறிவு. அதனால் அங்கே இரண்டாவது ஆள் என்பவர் பேச்சுத்துணை மட்டுமல்ல. கூடாரத்தையும் அடுப்பையும் போல அவரும் பிழைத்திருப்பதற்கான ஒரு தேவை.

பாலை என்றதும் நமக்கு வெயிலும் மணலும்தான் நினைவுக்கு வரும். நம் திணை மரபிலும் பாலை என்பது குறிஞ்சியும் முல்லையும் வேனிலில் வறண்டு தம் இயல்பு கெட்டுப்போன நிலம். குளிரால் உண்டாகும் பாலைக்கு அந்த மரபில் இடமில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஆனால் பாலையைப் பாலையாக்குவது வெப்பமல்ல, நீரின்மை. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லேயில் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். இமயத்தின் பெருந்தொடர் பருவமழை மேகங்களைத் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. லடாக்கும் சன்ஸ்காரும் ஸ்பிதியும் அந்தச் சுவருக்கு அப்பால் காய்ந்து கிடக்கின்றன. காற்றில் ஈரம் இல்லாததால் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போன அடுத்த நிமிடமே நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஈரம் மூடிய நம் கடற்கரையில் இரவும் பகலும் ஏழெட்டு டிகிரிக்குள் அடங்கிவிடுவதால், ஒரே நாளில் அதைவிட அதிகமாக இறங்கும் ஏற்றத்தாழ்வு நம் உடலுக்குப் பழக்கமில்லாதது. லேயில் ஜனவரி இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டியிருக்கும், பள்ளத்தாக்குகளில் இன்னும் கீழே போகும். அதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது கீழே 33 டிகிரிபோல உறைக்கும்.

பனி மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். அங்கே மிக எளிதாக ஏமாந்துபோகும் விஷயம் இதுதான். ஓடைகள் உறைந்து நின்றிருக்கும், வறண்ட சரிவுகளில் பல இடங்களில் உருக்குவதற்குப் போதிய பனியும் இருக்காது. இருக்கும் இடத்திலும் அதைத் தண்ணீராக்க எரிபொருள் வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே உருக்குவதற்கு ஆகும் வெப்பம், உருகிய அதே நீரை 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமானது. அதாவது பனிக்காலப் பாலையில் நடப்பவர் தண்ணீரை மண்ணெண்ணெயாகவோ வாயுவாகவோ முதுகில் சுமக்கிறார். வாயுவிலும் ஒரு பொறி உண்டு. சாதாரணக் கையடுப்புகளுக்கான சிறு உருளைகளில் இருக்கும் பியூட்டேன், பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுத்துத் திரவமாகத் தேங்கிவிடும். கொச்சியில் வாங்கிச் சமையலறையில் சோதித்துப் பார்த்த அடுப்பு அங்கே எரியாது. உலர்ந்த காற்றும் வேகமான மூச்சும் உடலின் ஈரத்தை ஓயாமல் வெளியே இழுக்கும், குளிரோ தாகத்தை மழுங்கடிக்கும். உடல் வறண்டுகொண்டிருப்பது நடப்பவருக்கே தெரியாது. இருவர் போனால் ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு மருந்துப் பை ஆகியவற்றை இரண்டாகப் பிரித்துச் சுமக்கலாம். தனி ஆள் அத்தனையையும் ஒருவராகவே சுமக்க வேண்டும். சுமை கூடினால் நடை தளரும், வேர்க்கும். வேர்வை துணியில் உறையும். தனிமைக்கான விலை முதல் நாள் காலையிலேயே தோளில் ஏறிவிடுகிறது.

பனிக்காலத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் பயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. கோடையில் மணாலியிலிருந்தோ ஸ்ரீநகரிலிருந்தோ சாலை வழியாகப் படிப்படியாக மேலேறிப் போகலாம். பனிக்காலத்தில் பாரலாச்சா, சோஜி போன்ற கணவாய்கள் பனியால் மூடிக்கொள்ளும், வெளியூர்ப் பயணி பெரும்பாலும் விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்துக்கு ஒரே நாளில் தாவல். அங்கே காற்றழுத்தம் கொச்சியில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவே. உடற்பயிற்சிக் கூடத்தில் ஏற்றிய வலு இதற்கு உதவும் என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு எதிரான சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட வீரர்கள் உயர நோயால் பாதிக்கப்பட்டார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1969-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. உலகெங்கும் மலை மருத்துவம் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. அவர்கள் பார்த்தவர்கள் நோஞ்சான்கள் அல்லர், பயிற்சி பெற்ற படைவீரர்கள். யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்பதை அவர்களுடைய உடற்கட்டை வைத்துச் சொல்ல முடியவில்லை. வந்து இறங்கிய சில மணி நேரத்திலும் வந்தது, நான்காம் நாளிலும் வந்தது. நல்ல உடல்வாகு உள்ளவருக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. தலைவலியைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் ஏறும் வலு அவரிடம் இருக்கிறது.

இந்த உயர நோய் முற்றினால் இரண்டு வடிவம் எடுக்கும். ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது, மற்றொன்று மூளை வீங்குவது. மூளை வீக்கத்தின் முதல் அடையாளம் தள்ளாட்டம். குடித்தவர்போல் கால் பின்னும், பேச்சு குழறும், பிறகு குழப்பமும் மந்தமும் வரும். நேர்கோட்டில் குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் மலையில் செய்யும் எளிய சோதனை. அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல ஒருவர் வேண்டும், பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் ஒருவர் வேண்டும். குளிரால் உடல் வெப்பம் இறங்குவதும் இதே கதைதான். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம் கடுமையாகி, விரல்கள் மரத்து, பேச்சு தடுமாறும். இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் நடுக்கம் தணியத் தொடங்கும், அப்போது தேறிவிட்டதாகத் தோன்றும். உறைந்து இறந்தவர்களில் சிலர் தம் உடைகளைத் தாமே கழற்றிப் போட்டிருந்ததை மீட்புக்குழுக்கள் பலமுறை கண்டிருக்கின்றன. கடைசி நேரத்தில் அவர்களுக்கு உடம்பு எரிவதுபோல் இருந்திருக்கிறது. காலில் முள் குத்தினால் வலிக்கும், வலி நம்மைக் குனிந்து பார்க்க வைக்கும். ஆனால் தாக்கப்படுவது அறிவே என்றால், தாக்குதலை அறிவிக்க வேண்டிய உறுப்பும் அதுவாகவே இருக்கிறது. கண்ணில் விழுந்த தூசியைக் கண்ணாடி இல்லாமல் தானே தேடுவதுபோல. அதனால்தான் மலை மருத்துவம் படித்தவர்கள் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, அவர் நடப்பதையும் பேசுவதையும் மற்றவர் பார்த்துச் சொல்வதற்கு அதிக எடை கொடுக்கிறார்கள்.

இதற்கு வரலாற்றில் இருக்கும் மிகத் தெளிவான சான்று உலகின் மிகப் பெரிய குளிர்ப் பாலையான அண்டார்டிகாவில் நடந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பைர்ட் 1934-ல் அங்கே ஒரு பனிக்காலம் முழுவதையும் தன்னந்தனியாகக் கழிக்க முடிவெடுத்தார். பனிக்குள் புதைத்த ஒரு சிறு அறையில், கடற்கரையில் இருந்த தன் முகாமிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி, வானிலை அளவுகளைக் குறித்துக்கொண்டு தங்கினார். அவர் கத்துக்குட்டி அல்லர். துருவப் பயணங்களுக்குப் பெயர்போனவர். அவரை வீழ்த்தியது குளிர்கூட அல்ல. அறையைச் சூடாக்கிய அடுப்பும், வானொலிக்கு மின்சாரம் தந்த இயந்திரமும் கக்கிய கார்பன் மோனாக்சைடு. மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு ரத்தத்தில் ஏறி அவரைப் படுக்கையில் தள்ளியது. காரணம் புரிந்த பிறகும் அடுப்பை அணைத்தால் உறைவார், எரித்தால் நஞ்சு ஏறும் என்ற நிலை. மீட்க வருபவர்கள் பனிக்கால இருட்டில் மாண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தன் நிலையை முகாமுக்குச் சொல்லாமல் மறைத்தார். ஆனால் அவர் அனுப்பிய தந்திக் குறிகள் தடுமாறியதை முகாமில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள். ஆகஸ்டில் மூவர் வண்டியோட்டி வந்து அவரைக் கண்டடைந்தார்கள். தனிமையில் இருந்தவரின் உயிரைக் காப்பாற்றியது, தொலைவிலிருந்தபடியே அவர் தடுமாறுவதை அவரைவிடத் தெளிவாகக் கண்டுகொண்ட இன்னொருவரின் காது. லடாக்கில் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பெரித்துக் குளிர்காயும் ஒவ்வொருவருக்கும் இதே வாயு காத்திருக்கிறது.

அந்த மண்ணில் பிறந்தவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதை நான் எந்த மருத்துவக் கட்டுரைக்கும் குறையாத சான்றாக எடுத்துக்கொள்கிறேன். சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலிருந்து பனிக்காலத்தில் வெளியே வர நெடுங்காலம் இருந்த ஒரே வழி உறைந்த சன்ஸ்கார் ஆறு. ஆற்றின் மேல் விரியும் பனித்தகட்டைச் சாதர், அதாவது போர்வை என்கிறார்கள். சன்ஸ்கார் மக்கள் வெண்ணெயை லேயில் விற்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்குச் சேர்க்கவும் இந்தத் தகட்டின் மேல் பல நாள் நடந்தார்கள். அவர்கள் கூட்டமாகவே நடந்தார்கள். முன்னால் போகிறவர் தடியால் தட்டிப் பார்த்து, பனி எழுப்பும் ஓசையிலிருந்து அதன் கனத்தை அறிவார். பின்னால் வருகிறவர்கள் அவர் தடத்தில் கால் வைப்பார்கள். இரவில் ஆற்றோரக் குகைகளில் ஒரே நெருப்பைச் சுற்றி ஒட்டிப் படுப்பார்கள். நம் ஊரில் பழைய வணிகச் சாத்துகள் பாலை வழிகளைக் கூட்டமாகக் கடந்தது கள்வருக்கு அஞ்சி. சன்ஸ்காரில் கள்வர் பயம் இல்லை, ஆனாலும் கூட்டம் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் குளிரில் வளர்ந்தவர்கள், சிறு வயதிலிருந்தே பனியின் ஓசை தெரிந்தவர்கள், தனியாகப் போவதை ஒரு சாதனையாக நினைக்கவில்லை. இன்று சாதரில் நடக்க வரும் வெளியூர்க்காரர்கள் லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்கி, மருத்துவப் பரிசோதனையில் தேறி, வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும் என்பது விதி. இதை அரசின் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது சன்ஸ்கார்க் கிழவர்களின் வழக்கம் எழுத்தில் ஏறியதாகவே படுகிறது.

எதிர்வாதங்களில் வலுவானது இது: உலகில் எத்தனையோ பேர் தனியாகவே பெருங்காரியம் செய்திருக்கிறார்களே? இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், கேரளத்திலேயே ஆள் இருக்கிறார். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் மும்பையிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி, எங்கும் நிற்காமல், யாருடைய கை உதவியும் இல்லாமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் இறுதியில் திரும்பினார். இப்படிச் செய்த முதல் இந்தியர் அவர். 2018-ல் கோல்டன் குளோப் போட்டியில் மீண்டும் தனியாகப் போனபோது, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, படகின் அறையில் நகர முடியாமல் கிடந்தார். தனிமைச் சாகசத்துக்கு அவரை உதாரணம் காட்டுபவர்கள் அடுத்த மூன்று நாளில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அவர் படகு எங்கே இருக்கிறது என்று போட்டி நடத்துபவர்களுக்குத் தொடர்ந்து தெரியும். அவர் அனுப்பிய குறுஞ்செய்தி உடனே போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலிய மீட்பு மையம் ஒருங்கிணைக்க, இந்தியக் கடற்படை விமானம் மேலே பறந்து பார்க்க, ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் போய் அவரை ஏற்றிக்கொண்டது. அவர் துணிவில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதே போட்டிக்குத் திரும்பிவந்து 2023-ல் இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். ஆனால் படகில் ஒருவராக இருந்தாரே தவிர, அவரை விடாமல் கவனித்துக்கொண்டிருந்த கண்கள் பல நூறு. தனிமை என்ற சொல்லுக்குள் இருக்கும் இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறுவது அவர் செய்த காரியமே அல்ல.

சரி, அந்த ஏற்பாட்டை ஒரு கருவியில் வாங்கிக்கொள்ள முடியாதா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் பாலை மலைகளில் தனியாக நடப்பவர்கள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் உள்ளங்கை அளவுக் கருவியை மார்பில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்குமிடம் மீட்புக்குழுவுக்குப் போய்விடும். இந்தியாவில் அரசின் அனுமதி இல்லாமல் இத்தகைய கருவிகளை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், விமான நிலையங்களில் இவற்றோடு பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் காவலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லைப் பகுதியான லடாக்கில் இது இன்னும் கண்டிப்பு. ஊர்களைத் தாண்டினால் கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. குளிரில் மின்கலம் தீர்ந்துபோகும் வேகமும் தனி. வெளிநாட்டவர் எழுதும் தனிநடைக் குறிப்புகளைப் படித்துவிட்டுக் கிளம்பும் நம்மவர்கள், அந்த நடை எந்தக் கருவியின் மேல் நிற்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. கருவி இருந்தாலும் அது செய்தியை மட்டுமே சுமக்கும், ஆளைச் சுமக்காது. 2022 பிப்ரவரியில் பாலக்காட்டு மலம்புழாவில் குறும்பாச்சி மலைப் பாறை இடுக்கில் சிக்கிய இளைஞரிடம் கைபேசி இருந்தது, படம் எடுத்து அனுப்பினார், கூட வந்த நண்பர்கள் கீழே இறங்கிச் செய்தி சொன்னார்கள், ஊரே திரண்டது. அப்படியும் ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவர 40 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அது கேரளம். இரவில் உறையாத, சாலை அருகிலிருக்கும் மலை. லடாக்கின் பக்கப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஜனவரியில் அத்தனை நேரம் காத்திருக்க உடலுக்கு அவகாசம் கிடைக்காது.

இன்னோர் எதிர்வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். துணை எப்போதும் காப்பதில்லை, சில நேரம் துணையே தள்ளிவிடும் என்கிறார்கள். உண்மைதான். கூட்டத்தில் தலைவலியை மறைப்பவர்கள் உண்டு, பின்தங்கினால் கேவலம் என்று மூச்சுத் திணறலோடு நடப்பவர்கள் உண்டு, காசு கட்டியாயிற்று என்பதற்காகவே கெட்ட வானிலையிலும் முன்னேறும் குழுக்கள் உண்டு. 2020 ஜனவரியில் சாதரில் பனித்தகடு உடைந்து நீர் மேலேறியபோது, நேரக் என்ற ஊர்ப்பக்கம் மாட்டிக்கொண்டவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்கள் தூக்கிவர வேண்டியிருந்தது. அவர்கள் யாரும் தனியாகப் போனவர்கள் அல்லர். தனியாக இருந்தால் திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்க யாருடைய சம்மதமும் வேண்டாம், அது ஒரு நன்மையே. ஆனால் இந்த வாதம் நிறுவுவது கெட்ட துணையின் ஆபத்தை மட்டுமே. திரும்பிவிடலாம் என்று தனி ஆள் முடிவெடுப்பதும் அவர் தலை தெளிவாக இருக்கும் வரைதான். பத்துப் பேர் கொண்ட அறிமுகமில்லாத கும்பலுக்கும் தன்னந்தனி ஆளுக்கும் நடுவே, ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்த, 'நீ இன்றைக்குச் சரியில்லை, இறங்கலாம்' என்று சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்கும் இருவரோ மூவரோ என்ற வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே அந்த ஒப்பந்தத்தை வாய்விட்டுப் பேசி முடித்திருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது தனிமையின் மதிப்பு. அதை மறுப்பதற்கில்லை. கலூர் சந்திப்பின் இரைச்சலிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு, தன் காலடி ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்காத ஒரு நாள் என்பது பெரிய பேறு. ஆனால் அந்தப் பேறு பகலில் கிடைப்பது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில், பதின்மூன்று மணி நேரம் நீளும் இரவில், கூடாரத்துக்குள் அடுப்போடு போராடுவதில் அது இல்லை. பகலின் தனிமையை வைத்துக்கொண்டு இரவின் தனிமையை விட்டுவிட லடாக்கில் வழியுண்டு. லேக்கு மேற்கே ஷாம் பகுதியில் லிகிரிலிருந்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பாச்சன் வழியாகத் தெமிஸ்காம் வரை ஊர்விட்டு ஊர் போகும் பாதை பனிக்காலத்திலும் நடக்கக்கூடியது. ஒவ்வோர் ஊருக்கும் இடையே சில மணி நேர நடைதான். கணவாய்களும் 4,000 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ரும்பாக்கில் பனிச்சிறுத்தை பார்க்க வருபவர்களைப் பனிக்காலத்திலும் வீடுகளில் தங்கவைக்கிறார்கள். எல்லா வீடும் எல்லா மாதமும் திறந்திருக்காது. லேயில் மூன்று நாளாவது தங்கி உடலைப் பழக்கும்போதே, எந்த நாள் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குள் வருவோம் என்று சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம். பனிக்காலத்தில் லடாக்கி வீட்டில் குடும்பம் முழுவதும் வாழ்வது சமையலறையில், சாணமும் விறகும் எரியும் இரும்படுப்பைச் சுற்றி. விருந்தாளிக்கும் அங்கேதான் இடம், உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் ஆற ஆற ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் சாயும்போது, வருவதாகச் சொன்ன ஆள் இன்னும் வந்துசேரவில்லை என்று அந்த அடுப்படியில் யாராவது எழுந்து வாசலுக்குப் போய்ப் பாதையைப் பார்ப்பார்கள்.